பார்த்தாயிற்று, குறை இல்லை

அன்பு மகளே,

அடுத்த மாதம் நீ வேலையில் சேரப் போகிறாய். ஒரு மாவட்டத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரி, தனியார் டாக்டர், தர்ம ஆஸ்பத்திரி எல்லாரையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவர வேண்டும், எந்த நோயாளியும் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து காணாமல் போகாமல் பார்க்க வேண்டும், போனால் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும், அதுதான் வேலை என்று போனில் சொன்னாய். நான் வழக்கம்போல, "அப்ப நீ டாக்டர்களுக்கெல்லாம் கிளாஸ் மானிட்டரா?" என்று கேட்டேன். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்தாய். வைத்த பிறகு என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பொறுப்பு என்ற சொல்லை நீ அவ்வளவு எளிதாகச் சொன்னாய். எனக்கு அந்தச் சொல் வாயில் வந்தாலே நாக்கு கதவிடுக்கில் மாட்டிய மாதிரி ஆகிவிடும். மகளுக்குத் தகப்பன் எழுதும் கடிதம் என்றால் அதில் புத்தி சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். சொல்லும் அளவுக்கு என்னிடம் புத்தி இருக்கிறதா என்று உன் உம்மாவிடம் கேட்டால் உடனே பதில் வரும். ஆகவே புத்தியை விட்டுவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். அதில் புத்தி இருந்தால் நீ பொறுக்கிக்கொள்.

சொல்ல வேண்டியது ஒரு கையைப் பற்றி. உன் மைமூன் மாமியின், எனக்கு மூத்தவளாகப் பிறந்த ராத்தாவின், வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கம் மடங்கி நிற்கிறதே, அந்தக் கை. படிப்புக்காக ஆறு வருடமாகச் செம்பூரில் அவள் வீட்டிலேயே இருந்து அந்தக் கையால் சோறு வாங்கித் தின்கிறவள் நீ. சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு கதை விட்டேன். தையல் மிஷின் கோபத்தில் கடித்துவிட்டது என்றேன். கை நிறையக் காசு வைத்திருக்கிறாள், அதனால்தான் விரிக்க மாட்டேன் என்கிறாள் என்றேன். நீ வளர்ந்ததும் தொழுநோய் வந்து குணமானது என்று மாமியே சொல்லிவிட்டாள். விரல் மடங்கும் வரை ஏன் அந்த நோயை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை மட்டும் அவள் உனக்குச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் நாங்கள் தாராவியில் ஒரு சந்தில் இருந்தோம். என் வாப்பா தோல் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். மாமி வீட்டில் உட்கார்ந்து பர்ஸுகளுக்கு உள்துணி தைப்பாள்; அந்தச் சந்தில் நேராகப் போனது அவள் தையல் ஒன்றுதான், மற்றதெல்லாம் கோணல், என்னையும் சேர்த்து. நான் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது. ராங்க்கைச் சொல்லவில்லை, வகுப்பைச் சொல்கிறேன். தாராவியில் தாராளமாகக் கிடைத்தவை இரண்டு: கொசு, பட்டப்பெயர். கொசுவை யார் வளர்த்தார்களோ தெரியாது, பட்டப்பெயர் முழுக்க என் பண்ணை. நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்ததும் ராத்தாவை "மை மூன், மை மூன்" என்று கூப்பிட்டேன். அவள் தையல் ஸ்கேலால் ஒரு வாங்கு வாங்கிவிட்டு, "நெலாவுல ஒரு கறை தெரியும் பாத்தியால, அது நீதாம்ல" என்றாள். வாயில் அவளை ஜெயிக்க முடியாது. இன்றைக்கும் முடியாது.

அந்த நாளில் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வீடு வீடாக வருவார்கள். சந்தில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'அந்த வியாதி' என்பார்கள். வருகிறவர்களுக்கு நான் வைத்த பெயர் 'முதுகு சார்'. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார்கள். எங்கேயாவது வெளுத்த தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டு, "எங்கே தொட்டேன், விரல் வைத்துக் காட்டு" என்பார்கள். பெண்களைப் பார்க்கக் கூடவே ஒரு நர்ஸம்மா வருவாள். பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஓர் அடையாளம். முனிசிபாலிட்டி ஆட்கள் வட்டம் போடுவார்கள். ஒரு தர்ம ஆஸ்பத்திரி ஆட்களும் வருவார்கள், அவர்கள் முக்கோணம். சாக்கடைக்கு இந்தப் பக்கம் முனிசிபாலிட்டி, அந்தப் பக்கம் தர்ம ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் எங்கோ ஃபேனுக்கடியில் உட்கார்ந்து மேப்பில் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் சந்து சாக்கடையின் மேலேயே பலகை போட்டுக் கட்டிய சந்து. கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நாங்கள்தான் கோடு. அதனால் இரண்டு கூட்டமும் வந்தது. ஒரே வீட்டை இரண்டு தடவை பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள்: வட்டமோ முக்கோணமோ, கதவில் எது இருந்தாலும் மற்றவர் உள்ளே வர மாட்டார். இது மோசமான ஏற்பாடு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. உன்னை அங்கே உட்கார வைத்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். அதனால்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஏற்பாடு நல்லதாக இருந்ததால்தான் அதை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

நான் முதலில் வட்டம் போட்டது பொதுக் கக்கூஸ் கதவுகளில். ஆறு கதவு, ஆறு வட்டம். அசல் வட்டத்தில் மேலே கொஞ்சம் வாய் திறந்திருக்கும், அதையும் விடாமல் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து வார்டு ஆபீஸிலிருந்து ஒரு மேற்பார்வைக்காரர் கையில் தாளோடு வந்தார். சந்து முழுக்க வட்டங்களை எண்ணிக்கொண்டே போய்க் கடைசியில் கக்கூஸ் முன்னால் நின்று, "இந்த வீட்டு ஆள் யார்?" என்று ஹிந்தியில் சத்தம் போட்டார். உள்ளேயிருந்து ஒருவர், "ருக்கோ பாய், ஆத்தா ஹூ!", இரு பாய், வருகிறேன் என்று பதில் சொன்னார். மேற்பார்வைக்காரர் தலையாட்டிவிட்டு தாளில் டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார். தண்ணீர்க் குழாயடியில் ஒளிந்திருந்த நான் சிரித்துச் சிரித்து ஒரு குடத்தைக் கவிழ்த்தேன். அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டிக் போட்டவர் கதவைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் யார் என்று பார்க்கவில்லை. ஆனால் பதினைந்து வயதில் அது தத்துவமாகத் தெரியவில்லை, ஜோக்காகத்தான் தெரிந்தது.

செய்தி பரவிவிட்டது, எங்கள் வீட்டில் வாப்பா, ராத்தா காதுக்கு மட்டும் போகவில்லை. மறுவாரம் பக்கத்து வீட்டு ரஹ்மத் மாமி என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடி விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். அவள் கையில் முறுக்கு டப்பா இருந்தது.

"ஏல, கக்கூஸுக்கே வட்டம் போட்டியாம்ல. எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தா."

"எதுக்கு மாமி? முதுவக் காட்டுனா அவிய போயிருவாவள்ல?"

"என் முதுவுல என்னல இருக்கு? இருக்கறதெல்லாம் வாயிலதான். வெள்ளிக்கெழம மூத்தவளப் பொண்ணு பாக்க வாராவ. அந்த நேரம் பாத்து முதுகு சாரு வந்து, கண்ண மூடு, எங்க தொட்டேன்னு கேட்டா, வந்தவன் சாயாவக் கூடக் குடிக்காம செருப்ப மாட்டிருவான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் சந்தின் சட்டம் அது. முதுகு சார் ஒரு தடவை வந்தால் சர்க்கார் வேலை. இரண்டாம் தடவை வந்தால் அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது. கதவில் ஒரு வட்டம் இருந்தால் போதும், அது சுத்தமான வீடு என்பதற்கு நற்சான்று மாதிரி. சந்தில் அடுத்த சில வாரங்களில் யார் வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்கு என் வட்டம் போனது. கையில் சாக்பீஸ் இருந்தது, வாயில் சாக்குப்போக்கு இருந்தது. யாருக்கும் கெடுதல் செய்வதாக எனக்கு ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை. முறுக்குத் தின்கிற வாய் எதை யோசிக்கும்?

என் உம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. நான் தும்மினால் கூட அதில் ஏதோ குறும்பு இருக்கிறது என்று அடிக்கிறவள். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், வாசலில் நின்றாள்.

"நம்ம வீட்டுக்குப் போட்டியால?"

"இல்லம்மா. அல்லா சத்தியமா இல்ல."

"போடு."

நான் முழித்தேன்.

"போடுன்னா போடுல. கோணாம வட்டமாப் போடு."

போட்டேன். அன்றைக்கு என் தட்டில் மீன் துண்டு இரண்டு இருந்தது. கடைசியில் உம்மாவுக்கு என் கலை புரிந்துவிட்டது என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு தின்றேன். ராத்தாவின் முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று இருந்ததும், தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது உம்மா அதைப் பார்த்துவிட்டதும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு நல்ல இடத்திலிருந்து ராத்தாவைக் கேட்டு ஆள் வந்துகொண்டிருந்ததும், இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை. சொல்ல முடியவில்லை. உம்மா சொன்னால் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போது கூடத் திடமாகத் தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு காலையில் ராத்தா ஸ்டவ்விலிருந்து சாயாப் பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் வெறும் கையால் தூக்கி, நிதானமாக நடந்து வந்து என் முன்னால் வைத்தாள். பாத்திரம் தரையைத் தொட்ட பிறகும் சாயா தளதளவென்று கொதித்தது. நான் சும்மா இருப்பேனா? "உனக்குச் சூடு சொரணையே கெடையாதா ராத்தா?" என்றேன். எத்தனையோ தடவை கேட்ட கேலிதான். வழக்கமாக ஸ்கேல் பறந்து வரும். அன்றைக்கு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ மறந்து விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல. உள்ளங்கையின் ஓரம் கொப்பளித்திருந்தது. "ஆமால, தெரியலியே," என்றாள். மகளே, நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரை வாயால் குத்தியிருக்கிறேன். சொன்ன கேலி நிஜமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு டாக்டர்கள். சந்து முனையில் இருந்தவர் படை என்று களிம்பு கொடுத்தார். இரண்டாமவர் ரத்தம் கெட்டிருக்கிறது என்று டானிக் கொடுத்தார். செம்பூரில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய மூன்றாமவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். முதல் சீட்டை இரண்டாமவரிடம் காட்டினால், "இதை எழுதியவர் டாக்டரா?" என்று கேட்டார். இரண்டாவது சீட்டைப் பார்த்து மூன்றாமவர் சிரித்தார். ஒருவர் எழுத்தை இன்னொருவரால் வாசிக்க முடியவில்லை, அவரவர் எழுத்தையே அவரவர் வாசித்திருப்பார்களா என்பதும் சந்தேகம். ஒவ்வொரு படியிலும் ராத்தாவின் வியாதி புதிதாகப் பிறந்தது. போன படியில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, அடுத்த படியில் என்ன ஆகும் என்றும் யாருக்கும் கவலை இல்லை. அதற்குள் சுண்டு விரல் மடங்க ஆரம்பித்துவிட்டது. ஊசி நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். அதுவரை வாயைத் திறக்காத வாப்பா ஒரு நாள் பட்டறைக்குப் போகாமல், "வா மைமூனு, சர்க்கார் தவாகானாவுக்குப் போவோம்" என்று எழுந்தார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஒரு மராட்டிப் பெண்மணி. ராத்தாவின் முழங்கையின் உள்பக்கம் நரம்பைத் தடவிப் பார்த்தார், பேனாவால் தொட்டார், கண்ணை மூடச் சொன்னார். ராத்தா ஒரு தடவை கூடச் சரியான இடத்தைக் காட்டவில்லை. "நோய் போய்விடும். மாத்திரை இருக்கிறது, நான் போக்கிவிடுவேன்," என்றார் டாக்டர் ஹிந்தியில். "ஆனால் இந்த விரல்கள் திரும்பி வருமா என்று சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்." பிறகு பெரிய ரிஜிஸ்டரை எடுத்து எங்கள் சந்தைத் தேடினார். எங்கள் வீட்டின் எண். நாலு பேர் பெயர். எதிரே மராட்டியில் ஒரு வரி. வாசித்துவிட்டு முகம் மாறி, என்னைப் பார்த்து அர்த்தம் சொன்னார்: பார்த்தாயிற்று, குறை இல்லை.

"எங்க வூட்டுக்கு யாருமே வரலியே டாக்டரம்மா," என்றார் வாப்பா. நான் அதை ஹிந்தியில் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டிருந்தவர் ஷிண்டே. என்னைக் கண்டால் "க்யா ஹீரோ" என்று தோளில் தட்டுகிற முதுகு சார். அவரைக் கூப்பிட்டார்கள். "மேடம், தர்வாஜே பே கோல் தா," என்றார். கதவில் வட்டம் இருந்தது, கூட வேலை பார்க்கிறவர் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன், பழைய பட்டியலைப் பார்த்துப் பெயர்களை நிரப்பினேன் என்று விளக்கினார். கூட வேலை பார்க்கிறவரைக் கேட்டார்கள், அவர் இல்லை என்றார். தர்ம ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்க் கேட்டு வந்தது, அவர்கள் வட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்களாம். டாக்டர் மேஜையில் கையை அறைந்தார். "அப்படியானால் கதவு தானே வட்டம் போட்டுக்கொண்டதா? இவர்களிடம் கேள், பையா, அந்த வட்டத்தைப் போட்டது யார்?"

நான் திரும்பி வாப்பாவைப் பார்த்து அதைத் தமிழில் கேட்டேன். வட்டத்தைப் போட்டவன், போட்டது யார் என்று தன் வாப்பாவிடம் கேட்டேன். "தெரியலியே," என்றார் அவர். ராத்தாவும் தலையை ஆட்டினாள். நான் டாக்டரைப் பார்த்து, "மாலூம் நஹி, மேடம்," என்றேன். எதையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. என் ஆயுளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

ஷிண்டேயை எங்கேயோ தூரத்துக்கு மாற்றினார்கள். நல்லா வேணும் என்றது சந்து. என்னிடம் வட்டம் வாங்கிய வீடுகள் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அவர்கள் கதவும் மாட்டும். லேபர் கேம்ப் சம்பந்தம் இரண்டே நாளில் முறிந்தது. நான் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றபோது உம்மா என் வாயைப் பொத்தினாள். "அவ கை போச்சு. நீ சொன்னா உன்னப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாவ. எனக்கு ஒரு புள்ளையாவது முழுசா இருக்கட்டும்ல." அவள் கண்ணைப் பார்த்தேன். பயம் எனக்காக மட்டும் இல்லை என்று தெரிந்தது. பெற்றவளுக்குத் தேமல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. அதை நான் சொல்லாமல் என் வட்டத்தை மட்டும் சொல்ல முடியுமா? முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஆனால் வேறொன்று என்னைக் குடைந்தது. மழையில் கரைந்தபோதெல்லாம் கேட்டவர்களுக்குத் திரும்பப் போட்டுக் கொடுத்த என் வட்டங்கள் சந்தில் இன்னும் இருந்தன. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் வேறு யாருக்காவது தேமல் இருந்தால்? என் வட்டத்தை மட்டும் அழிக்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், ஈரத் துணியோடு கிளம்பினேன். எது என் வட்டம், எது அவர்கள் வட்டம் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு கெட்டிக்காரனாக இருந்திருக்கிறேன். முதல் கதவில் நின்று யோசித்தேன், இரண்டாம் கதவில் யோசித்தேன், மூன்றாம் கதவிலிருந்து யோசிப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் துடைக்க ஆரம்பித்தேன். வட்டம், முக்கோணம், எல்லாம். ரஹ்மத் மாமி எட்டிப் பார்த்தாள். "ஏல, என்னல அழிக்க?" "மழ வரப்போவுது மாமி. அது அழிக்கத்தான் போவுது, ஒத்தாச பண்ணுதேன்." "மழைக்கே ஒத்தாசையா? வெளங்கும்," என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு கூட்டமும் வந்தன. கதவுகள் வெறுமையாக இருந்தன. நீ அழித்தாயா, நான் அழிக்கவில்லை, இது உங்கள் பக்கம், இல்லை உங்கள் பக்கம் என்று சாக்கடைப் பலகையில் நின்று சண்டை போட்டார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மா நேரில் வந்து, இனிமேல் இந்தச் சந்தில் சாக்பீஸ் கிடையாது என்றார். பெயர் எழுதிய ஒரே பட்டியல், இரண்டு ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்துப் போட வேண்டும், களிம்பு கொடுத்த டாக்டர்களும் தேமல் என்றால் இங்கேதான் அனுப்ப வேண்டும், மாத்திரை விட்டவர்களைத் தேடிப் போகச் சந்திலேயே ஓர் ஆள் வேண்டும். மதரஸா அறையில் எல்லாரையும் உட்கார வைத்து, "யார்?" என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. யார் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அந்த வியாதிக்காரி வருகிறாள் என்று ஊர் சொல்லும். உன் மாமி கையைத் தூக்கினாள். அந்தக் கையையே தூக்கினாள். "எனக்குத்தான் வந்தாச்சே. இனி என்னய என்ன சொல்லப் போறாவ?"

அவள் போகிற வீட்டில் யாரும் கதவைச் சாத்த முடியவில்லை. "காட்ட மாட்டியா? சரி, என் கையப் பாரு. பாத்துட்டு இப்பச் சொல்லு," என்பாள். உரித்துக் கொடுத்த மாத்திரையை விழுங்குகிற வரை எழுந்திருக்க மாட்டாள், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். பாண்டுப்புக்கு வீடு மாறிப்போன ஒருவரைத் தேடி ரயிலேறிப் போய்விட்டு வந்தாள். சந்தில் இன்னும் சிலருக்கு இருந்தது தெரிந்தது, ஆரம்பத்திலேயே. ரஹ்மத் மாமியின் கடைக்குட்டிக்கு இருந்தது. இன்றைக்கு அவன் கோபர்கைரனேயில் ஆட்டோ ஓட்டுகிறான். ஹாண்டிலைப் பிடித்திருக்கிற பத்து விரலும் நேராக இருக்கின்றன. போன பெருநாளுக்கு வந்தபோது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மாமு அப்படிப் பாக்கிய என்று கேட்டான். மோதிரம் நல்லா இருக்கு என்றேன். அவன் மோதிரமே போடவில்லை.

இப்போது சொல், மகளே, உன் படிப்பில் இதற்கு என்ன பெயர்? போட்ட கையால் ஒருத்தி விரல் போனது. அழித்த கையால் சிலர் விரல் பிழைத்தது. இரண்டும் ஒரே கை. மறைத்தவள் உம்மா, பார்க்காமல் எழுதியவர் ஷிண்டே, கோடு போட்டவர் எந்த ஊரோ. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு என்று பிரித்துப் பார்க்கிறேன், பிரித்த பிறகும் முழுப் பழியும் அப்படியே மிச்சம் இருக்கிறது. பொறுப்பு என்பது கடைசியில் பொறுத்துக்கொள்கிறவர் தலையில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் பொறுத்துக்கொண்டவள் உன் மாமி. உன் கம்ப்யூட்டரில் மாவட்டம் முழுக்கப் பச்சைக் கட்டமாக வரும் என்றாய். நம்பாதே என்று சொல்ல வருகிறேன். உடனே இன்னொரு மனசு, நம்பாமல் எப்படி வேலை பார்ப்பாள், எல்லாக் கதவையும் அவளே தட்டுவாளா என்று கேட்கிறது. தெரியவில்லை. ஒன்று மட்டும் ஓரளவு தெரியும்: ஜனங்கள் உன்னிடம் பொய் சொல்வார்கள். சொன்னால் கோபப்படாதே. அந்தப் பொய்க்குள்ளே யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் உட்கார்ந்திருக்கும். அதற்கும் சேர்த்து உன் பட்டியலில் ஒரு வழி வை. பெயரை ஊருக்குக் காட்டாமல் கையைப் பார்க்க ஒரு வழி.

மாமி தொழுது முடித்ததும் கேட்கிற துஆவை நீ கேட்டிருப்பாய். எல்லாருக்கும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அந்த மார்க்க அழிச்ச கை யாரு கையோ, அந்தக் கைக்கு அல்லா நல்லது செய்யட்டும்," என்பாள். எத்தனையோ வருடமாக. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டது நான்தான், அந்தத் தப்புக்கு வேறொரு கடிதம் எழுத வேண்டும். என் தமிழைக் கண்டால் காகிதத்தை அப்படியே மாமியிடம் நீட்டி, "வாசிங்க மாமி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். அது தெரிந்துதான் தமிழில் எழுதினேன். நேரே போய்ச் சொல்லத் தைரியம் இல்லாத ஆள் கண்டுபிடித்த வழி. இதுவும் ஒரு குறும்புதானா, இல்லை நான் முதல் தடவையாகச் செய்த ஒழுங்கான காரியமா, அதுவும் எனக்குப் புரியவில்லை.

ராத்தா, இவ்வளவு நேரமும் இது உன் குரலில்தான் ஓடியிருக்கும். எந்த வரியில் நிறுத்தினாயோ தெரியாது. நிறுத்தியிருந்தாலும் பிள்ளைக்கு மிச்சத்தை வாசித்துவிடு, அவள் வேலைக்கு வேண்டும். உம்மாவைத் திட்டாதே, அவள் இல்லை. நான் இருக்கிறேன். நீ துஆ கேட்ட கை என் கைதான். உன் கையை மடக்கிய கையும் அதுதான். இனி துஆவில் அதை வைப்பதா எடுப்பதா என்பது உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செம்பூருக்கு வருகிறேன். உன் முன்னால் உட்காருவேன். என்ன கேட்டாலும் கேலி பேசாமல் பதில் சொல்வேன்.

உன் தம்பி